கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவியங்கள்

கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த நவீன ஓவியர், ஓவிய ஆசிரியர். எழுத்துருக்களையும் வடிவியல் உருவங்களையும் இணைத்து 1963 முதல் அவர் வரைந்த அரூப ஓவியங்கள் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற பொதுப் பெயரால் அறியப்படுகின்றன.

சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற பணிக்கர், பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1954இல் லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பிய நவீன ஓவியம் அவரைக் கவர்ந்தது. ஆனால் அதைப் பார்த்து வரைந்தால் நகல்தான் மிஞ்சும். புராணக் காட்சிகளைப் பழைய பாணியில் தீட்டுவதிலும் அவருக்கு மனநிறைவு இல்லை. நவீனமாகவும் இருக்க வேண்டும், இந்த மண்ணுக்குரியதாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் முன் நின்ற சிக்கல்.

வழி காட்டியது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. எண்களும் எழுத்துகளும் கோட்டுருவங்களும் நெருங்கிக் கிடந்த பக்கம் ஒன்று, பொருளை விட்டுவிட்டுப் பார்த்தால் ஓவியமாகவே அவருக்குத் தெரிந்தது. திருத்துவதற்காக அத்தகைய பக்கங்களை ஆயிரக்கணக்கில் புரட்டும் ஆசிரியர்களுக்கு இது தோன்றாதது வியப்பில்லை. இதனுடன் ஜாதகக் கட்டமும் சேர்ந்துகொண்டது. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுள் சுருக்கெழுத்துகள்: சோதிடம் அறியாதவர்கூடக் கண்டவுடன் இனங்காணும் வடிவம் அது.

இந்த ஓவியங்களில் முக்கோணம், வட்டம், சதுரம், அட்டவணைக் கோடுகள் ஆகியவற்றின் இடையே மலையாள எழுத்தை ஒத்த பொடி எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. மலையாளம் தெரிந்தவர் படிக்க முயன்று தோற்றுப்போவார். அவர் வேண்டுமென்றே எழுத்தைச் சிதைத்திருக்கிறார். படிக்க முடிந்தால் கண் பொருளைத் தேடிப் போய்விடும். முடியாதபோது எழுத்தின் வளைவும் அடர்த்தியும் வரிசையும் கண்ணில் படும். ஆகவே 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பது பயனற்றது.

சுவர்க்கிறுக்கல் எழுத்துக்கலையுடன் இதை ஒப்பிடுவதுண்டு. நியூயார்க்கில் ரயில் பெட்டிகளில் எழுதிய இளைஞர்களும் எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்கு வளைத்தார்கள். ஆனால் அங்கே எழுதப்படுவது பெரும்பாலும் எழுதியவரின் பெயர், 'நான் இங்கு வந்தேன்' என்னும் அடையாளம். பணிக்கரின் எழுத்து யாருடைய கையொப்பமும் அன்று. பழைய ஏடு ஒன்றின் பக்கம்போல, எழுதியவர் மறைந்தபின் எஞ்சிய எழுத்து அது.

1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் இவருடைய தலைமையில் உருவானது. ஓவியம் விற்று மட்டும் பிழைக்க இயலாத நிலையில், பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அதைக் கட்டியெழுப்பினார்கள். அங்கிருந்த ஜே. சுல்தான் அலியும் தம் ஓவியங்களில் எழுத்துகளைப் பயன்படுத்தினார். கே. வி. ஹரிதாசனும் விஸ்வநாதனும் வடிவியல் உருவங்களின் பக்கம் சென்றார்கள்.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. புத்தகத்தில் சிறிதாக அச்சிடும்போது இந்தப் பொடி எழுத்துகள் வெறும் புள்ளிகளாகிவிடுவதால், வாய்ப்புள்ளவர்கள் மூல ஓவியங்களை நேரில் பார்ப்பது நல்லது.