ராஜாவே ஏன் மடத்தை மூடுறார்? கோவா, 1835

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டது.)

இன்னைக்கு ஒரு நேயர் கேட்ட ஒரே ஒரு கேள்வி. "கத்தோலிக்க நாட்டோட ராஜாவே கத்தோலிக்க மடங்களை எதுக்கு மூடணும்? சொந்த மதம்தானே?"

உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பேர் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி. 1536-ல் சின்ன மடங்கள்ல ஆரம்பிச்சார். 1540-க்குள்ள சுமார் 800 மடங்கள் காலி. ஆனா அவர் போப்போட உறவை 1534-லேயே முறிச்சுக்கிட்டவர். அதனால நம்ம கேள்விக்கு அவர் சரியான உதாரணம் இல்ல. சரியான உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு: கோவா.

பழைய கோவா போனவங்க புனித அகுஸ்தீன் கோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. 46 மீட்டர் உயரத்துல பாதி மட்டும் நிக்குது. டச்சுக்காரங்களோ மராத்தியர்களோ இடிச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அந்த மடம் மூடப்பட்டது போர்ச்சுகல் அரசோட ஒரு ஆணையால.

என்ன நடந்தது?

போர்ச்சுகல்ல 1828-லிருந்து 1834 வரைக்கும் உள்நாட்டுப் போர். அண்ணன் பெட்ரோ, தம்பி மிகேல். பெட்ரோ அரசியல் சாசனம் வேணும்னார். மிகேல் ராஜாவுக்கே முழு அதிகாரம்னார். 1834 மே மாசம் பெட்ரோ ஜெயிச்சார். 15 வயசு மகள் இரண்டாம் மரியா ராணி, அவள் பேர்ல ஆட்சி நடத்தினது அப்பா. போர் முடிஞ்ச சில நாள்லயே ஆணை வந்துருச்சு: ஆண் துறவிகளோட எல்லா மடங்களும் கலைக்கப்படும், சொத்து அரசுக்கு. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அகியார். அவருக்கு மக்கள் வெச்ச பட்டப்பேர் 'துறவிகளைக் கொன்றவர்'. யாரையும் கொல்லல. மடத்தைக் கொன்னார்னு அர்த்தம். ஆணை கோவாவுக்கு வந்து நடைமுறையானது 1835-ல்.

ஏன்?

முதல் காரணம், காசு. ஆறு வருஷப் போருக்கு அப்புறம் கஜானா காலி, கடன் கழுத்து வரைக்கும். மடங்கள்கிட்ட தலைமுறை தலைமுறையா சேர்ந்த நிலம். அந்த நிலம் சந்தைக்கே வராது. ஏன்னா மடத்துக்கு சாவு இல்ல, வாரிசும் இல்ல. ஒருதடவை உள்ள போன நிலம் வெளிய வராது. இதைத்தான் ஐரோப்பாவுல 'செத்த கை'ன்னு சொன்னாங்க.

இரண்டாவது, பழி. துறவிகள்ல பெரும்பாலானவங்க மிகேல் பக்கம் நின்னாங்க. தோத்த கட்சியோட அமைப்பை ஜெயிச்சவங்க விட்டுவைக்கல. கலைக்கப்பட்ட துறவிகளுக்கு ஓய்வூதியம் தர்றோம்னு சொன்ன ஆணை, மிகேலுக்காக வேலை செஞ்சவங்களுக்குக் கிடையாதுன்னும் சொன்னது.

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியமாப் படுது. பங்குச் சாமியார் ஆயருக்குக் கீழ. ஆயரை நியமிக்கிறதுல போர்ச்சுகல் ராஜாவுக்குப் பங்கு உண்டு. மடத்துத் துறவி அப்படியில்ல. தன் சபைத் தலைவருக்குக் கீழ, அவர் பெரும்பாலும் வேற நாட்டுல. மென்பொருள் பாஷையில சொன்னா, ராஜாவோட சர்வர்ல ஓடுது, அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் அவர்கிட்ட இல்ல. அதனாலதான் கதீட்ரலைத் தொடல, மடத்தை மூடினாங்க. சண்டை சாமியோட இல்ல, அதிகாரத்தோட. இதே நாடு 1759-லேயே சேசு சபையை வெளியேத்தினதும் இதே தர்க்கத்துலதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

அகுஸ்தீன் மடத்துல ஆள் இல்ல, பராமரிப்பு இல்ல. 1842-ல் கூரை விழுந்தது. கோபுரத்தோட பெரும்பகுதி 1931-ல். அதோட மணி இப்போ பணஜி மாதா கோயில்ல அடிக்குது. பெண் துறவிகளை உடனே வெளியேத்தல; புதுசா யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு மட்டும் விதி. 1606-ல் தொடங்கின புனித மோனிக்கா மடம், கடைசி கன்னியாஸ்திரி 1885-ல் இறந்தப்போதான் மூடுச்சு. அம்பது வருஷம் ஒரு வீடு ஆள் குறைஞ்சுக்கிட்டே போறதை யோசிச்சுப் பாருங்க.

தமிழ்நாட்டுக்கும் அடி விழுந்தது. மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்ச்சுகல் ராஜாவோட பொறுப்புல இருந்தது. கோவாவுல மடங்கள் போனதும் அங்கிருந்து குருக்கள் வர்றது குறைஞ்சது. போர்ச்சுகலோட உறவு முறிஞ்சிருந்த ரோம், 1838-ல் அந்த உரிமையைப் பெருமளவு வெட்டுச்சு. கோவா தரப்பு ஒத்துக்கல. யாரோட பூசைக்குப் போறதுங்கறதே ஊர்ச் சண்டையாச்சு. சென்னையில ரெண்டு தரப்பும் ஒரே மறைமாவட்டமானது 1952-ல்தான். அதே 1838-ல் மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு சேசு சபையினர் வந்தாங்க. திருச்சி புனித வளனார் கல்லூரி அவங்க வழி வந்ததுதான்.

நம்ம ஊர்ல?

நான் இதைப் பேசுறது ரமணாசிரமம் பக்கத்துல, செங்கம் சாலையில இருந்து. இந்த ஊர்ல மடம், ஆசிரமம், கோயில்னு வந்தா நிலமும் வருமானமும் கூடவே வரும். இங்க ஆட்சி பெரும்பாலும் வேற வழியில போச்சு: மூடல, கணக்கைக் கையில எடுத்தது. கம்பெனி அரசு 1817-ல் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில் மசூதி அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தோட மேற்பார்வையில கொண்டு வந்தது. இன்னைக்கு அறநிலையத்துறை இருக்கு. 2002-ல் மத்திய தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தன் பொறுப்புல எடுக்கப் பார்த்தப்போ ஊரே எதிர்த்தது. அப்புறம் கைவிட்டாங்க. எனக்கு அப்போ சின்ன வயசு, வீட்டுல சொல்லித்தான் தெரியும்.

மூடுறதும் மேற்பார்வை பார்க்கிறதும் ஒண்ணு இல்ல. மேற்பார்வையில தப்பு நடந்தா வழக்குப் போடலாம், நிலத்தை மீட்கலாம். வித்துட்டா முடிஞ்சது. இங்கிலாந்துல கத்தோலிக்க ராணி முதலாம் மேரி வந்தும், மடத்து நிலத்தை வாங்கினவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியல. வாங்கினவங்கதான் நாடாளுமன்றத்துல உட்கார்ந்திருந்தாங்க.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு: ராஜாவோட மதத்தைப் பார்க்காதீங்க. கஜானாவைப் பாருங்க, மடம் யார் பேச்சைக் கேட்டுதுன்னு பாருங்க, கடைசியில நிலம் யார் கைக்குப் போச்சுன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.