வளாகத்துக்குள் இருந்த சாட்சிகள்



நியூயார்க் மாநகரில் சிறியதொரு வானொலி நிலையம் உண்டு. டபிள்யூ.கே.சி.ஆர். என்பது அதன் பெயர், 89.9 எஃப்.எம். அதன் அலைவரிசை. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் நிலையம் அது. ஜாஸ் இசைக்குப் பேர்போனது. உலக அரசியலைத் தெரிந்துகொள்ள அதைத் திருப்பியவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2024 ஏப்ரல் 30 அன்று இரவு, கேட்போரின் நெரிசலைத் தாங்கமாட்டாமல் அந்நிலையத்தின் இணையதளமே முடங்கிப் போயிற்று.

ஏன் தெரியுமா? அன்றிரவு பல்கலைக்கழகத்தின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்தியாளர்கள் தெருவில் நின்றனர். உள்ளே நடப்பதைக் கண்ணால் கண்டு சொல்ல இருந்தவர்கள், பெரும்பாலும் இருபது வயதையொட்டிய மாணவ மாணவியரே. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, காவலர் எத்தனை பேர் வருகின்றனர், எந்த வழியாக வருகின்றனர் என்று அவர்கள் விவரித்துக் கொண்டிருந்தனர்.

நம் இல்லங்களில் அமர்ந்து நாமும் அந்த நாட்களின் செய்தியைப் பார்த்தோம். கூடாரங்கள், முகமூடி அணிந்த இளைஞர்கள், தலைக்கவசத்துடன் காவலர்கள். அரை நிமிடக் காட்சி, அதற்கொரு தலைப்பு. பார்த்து முடித்து உணவருந்த எழுந்துவிட்டோம். அந்த அரை நிமிடத்துக்குள் எத்தனை உண்மை இருந்தது, எத்தனை விடுபட்டது என்பதைச் சற்றே பொறுமையுடன் பார்க்க உங்களை அழைக்கின்றேன்.

முதலில் நடந்தது என்ன? 2024 ஏப்ரல் 17 அதிகாலையில் கொலம்பியா மாணவர்கள் வளாகத்துப் புல்வெளியில் கூடாரங்கள் அமைத்தனர். காஸாவில் மக்கள் கொல்லப்படுவதைக் கண்டு கொதித்த பிள்ளைகள் அவர்கள். பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை நிதி அப்போது ஏறத்தாழ 1,360 கோடி டாலர். இஸ்ரேலுடன் தொடர்புடைய நிறுவனங்களில் உள்ள முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே அவர்களின் முதன்மையான கோரிக்கை. மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக் காவல்துறையை உள்ளே அழைத்தார். முகாமினால் பல்கலைக்கழகத்துக்குத் தெளிவான, உடனடியான அபாயம் இருப்பதாகத் தம் கடிதத்தில் அவர் எழுதியிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். அந்தக் கைதுகளுக்குப் பின், கைதானவர்கள் அமைதியாகவே இருந்தனர், எவ்விதத்திலும் எதிர்க்கவில்லை என்று சொன்னவர் யார்? நியூயார்க் காவல்துறையின் ரோந்துப் பிரிவுத் தலைவர் ஜான் செல்! அதைப் பதிவு செய்தது, 1877 முதல் வெளிவரும் 'கொலம்பியா ஸ்பெக்டேட்டர்' என்னும் மாணவர் இதழ். அபாயம் என்று அழைத்தவர் கல்வியாளர். அமைதியாகவே இருந்தனர் என்றவர் காவல் அதிகாரி. இந்த முரண்பாட்டைத் தலைப்பாக்கியிருந்தால் உலகம் அந்த மாணவர்களை வேறு கண்கொண்டு பார்த்திருக்கும்.

முகமூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகத்தை மூடிய இளைஞர்களைத் திரையில் கண்டதும் நம்மிலேகூடப் பலர் முகம் சுளித்திருப்போம். நேர்மையானவன் ஏன் முகத்தை மறைக்க வேண்டும் என்று கேட்டிருப்போம். ஆனால் 2023 அக்டோபரில் கொலம்பியா வளாகத்தைச் சுற்றி ஒரு லாரி வலம் வந்தது. அதன் பெரிய மின்திரைகளில் மாணவர்களின் முகங்களும் பெயர்களும் ஒளிர்ந்தன. யூத வெறுப்பாளர்கள் என்ற பட்டத்துடன்! வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்பு மட்டும் தெருவெங்கும் ஓடியது. தம் மகளின் முகம் அவ்வாறு வீதியில் ஓடக் கண்ட தாய், மறுநாள் மகளிடம் என்ன சொல்லியிருப்பாள்? முகமூடியைக் காட்டிய நிகழ்ச்சிகளில் எத்தனை அந்த லாரியையும் காட்டின?

மாணவர்கள் அனைவரும் ஒரே கண்ணால் பார்த்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். யூத மாணவர்களில் பலர் அந்நாட்களில் உண்மையாகவே அஞ்சினர். வாயிலுக்கு வெளியே சிலர் எழுப்பிய முழக்கங்கள் கடுமையானவை, நியாயப்படுத்த முடியாதவை. பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஒரு யூத மதகுரு, யூத மாணவர்கள் வீடு திரும்புவதே நல்லது என்று ஏப்ரல் 21 அன்று செய்தி அனுப்பினார். அதற்கு மறுநாள், ஏப்ரல் 22 மாலையில், அதே முகாமுக்குள் இருந்த யூத மாணவர்கள் தங்கள் பாஸ்கா பண்டிகை விருந்தைப் புல்வெளியிலேயே நடத்தினர். ஜும்ஆத் தொழுகை நடந்த அதே வளாகத்தில்தான் இதுவும் நடந்தது. அஞ்சிய யூத மாணவரும் உண்மை. கூடாரத்துக்குள் விருந்துண்ட யூத மாணவரும் உண்மை. ஒருவரை மட்டும் காட்டுவது எளிது. இருவரையும் தேடிச் சென்று எழுதுவதற்கு வளாகத்துக்குள் நாள் முழுதும் நடக்கும் கால்கள் வேண்டும். அந்தக் கால்கள் மாணவ நிருபர்களுக்கு இருந்தன.

இனி அந்த ஏப்ரல் 30-க்கு வருவோம். அன்று நள்ளிரவைக் கடந்த வேளையில் மாணவர்களில் ஒரு பிரிவினர் ஹாமில்டன் மண்டபத்தைக் கைப்பற்றினர். காஸாவில் உயிரிழந்த 5 வயதுச் சிறுமி ஹிந்த் ரஜபின் பெயரை அதற்குச் சூட்டினர். கண்ணாடியை உடைத்தனர், மேசை நாற்காலிகளால் கதவுகளை அடைத்தனர். பணியிலிருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் சிலர் உள்ளே சிக்கித் தவித்தனர். இந்தச் செயலை நான் போற்றவில்லை. கோரிக்கை எத்துணை நியாயமானதாயினும், அத்தொழிலாளர்களின் அச்சத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

அன்றிரவு சுமார் 9 மணிக்குப் பின் காவலர்கள் பெருந்திரளாக நுழைந்தனர். ஏணிப்பாலம் பொருத்திய கவச வாகனத்தைக் கொண்டுவந்து, மேல்மாடிச் சன்னல் வழியாக மண்டபத்துக்குள் இறங்கினர். அதற்கு முன்பே மாணவ நிருபர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டனர். சிலர் வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டனர். இதழியல் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தவர்கள், வெளியே வந்தால் கைது என்று எச்சரிக்கப்பட்டனர். இதழியலின் மிக உயர்ந்த விருதாகிய புலிட்சர் பரிசை நிர்வகிப்பதும் இதே பல்கலைக்கழகம்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா? அந்தப் பரிசுக் குழுவே, தங்களுக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாது செய்தி திரட்டிய நாடெங்கிலும் உள்ள மாணவப் பத்திரிகையாளர்களைப் பாராட்டி அறிக்கை விடுத்தது.

சாட்சிகளை அகற்றியபின் நடப்பதை உலகம் எவ்வாறு அறியும்? காவல்துறை எதைச் சொல்கிறதோ, அதையே அறியும். மறுநாள் காலையில் ஒரு காவல்துறை உயர் அதிகாரி தொலைக்காட்சியில் கனத்ததொரு சங்கிலிப் பூட்டை உயர்த்திக் காட்டினார். இது மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டுவரும் பொருளல்ல என்றார். வெளியாட்கள் புகுந்துவிட்டதற்கு அதுவே சான்று என்பது போன்ற பேச்சு. உண்மையில் அது மிதிவண்டிப் பூட்டு. அந்த வகைப் பூட்டைக் கொலம்பியாவின் பாதுகாப்புத் துறையே மாணவர்களுக்குச் சலுகை விலையில் விற்றுவந்தது! சிரிக்கத்தக்க செய்திதான். ஆனால் பூட்டைத் திரையில் பார்த்தவர்களில் எத்தனை பேரை இந்த மறுப்பு சென்றடைந்திருக்கும்?

மண்டபத்துக்குள் ஒரு காவலரின் துப்பாக்கியும் வெடித்திருந்தது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கைப் போட முயன்றபோது தவறுதலாக வெடித்ததாகவும், எவருக்கும் காயமில்லை என்றும் காவல்துறை விளக்கியது. இறைவனின் கருணை! ஆயினும் அச்செய்தி வெளிவந்தது இரண்டு நாட்கள் கழித்து, மே 2 அன்று, ஒரு செய்தி நிறுவனம் கண்டுபிடித்து எழுதிய பிறகே.

வெளியாட்கள் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, கொலம்பியாவில் அன்றிரவு கைதானவர்களில் சுமார் 29 விழுக்காட்டினர் பல்கலைக்கழகத்துடன் தொடர்பில்லாதவர்கள் என்று காவல்துறையே கணக்குக் கொடுத்தது. ஆக, அது முழுப் பொய்யன்று. எஞ்சியோர் அங்கே கற்பவர்களோ, பணிபுரிபவர்களோதாம். 2024 ஜூன் மாதத்தில், மண்டபத்தில் கைதாகி வழக்குத் தொடரப்பட்ட 46 பேரில் 31 பேர் மீதான வழக்குகளைப் போதிய சான்றில்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் கைவிட்டது.

அதே இரவில் அமெரிக்காவின் மறுகோடியில் வேறொன்று நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர் முகாமை ஒரு கும்பல் பல மணி நேரம் தாக்கியது. காவலர்கள் நெடுநேரம் தலையிடவில்லை. 'டெய்லி புருயின்' என்னும் மாணவர் இதழின் நிருபர்கள் நால்வர் தாக்கப்பட்டனர். ஒருவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. இரு தரப்பு மோதல் என்றே பல செய்தி நிறுவனங்கள் அதை எழுதின. நூற்றுக்கு மேற்பட்ட காணொளிகளை ஆராய்ந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், வன்முறையைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முகாமை எதிர்த்து வந்தவர்களே என்று பின்னர் வெளியிட்டது. முகாமிலிருந்த மாணவர்கள் முதல் நாளே சொன்னதும் அதுதான்.

வாசகர்களே, ஹாமில்டன் மண்டபத்துக்கு இது புதிதன்று. 1968-இல், ஹார்லெம் பகுதி மக்களின் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக் கூடம் கட்டுவதையும், போர் ஆராய்ச்சி நிறுவனமொன்றுடன் அது கொண்டிருந்த உறவையும் எதிர்த்து மாணவர்கள் ஐந்து கட்டடங்களைக் கைப்பற்றினர். கறுப்பின மாணவர்கள் ஹாமில்டன் மண்டபத்தை வைத்திருந்து, அதற்கு மால்கம் எக்ஸின் பெயரைச் சூட்டினர். அப்போதும் காவல்துறை நுழைந்த நாள் ஏப்ரல் 30! எழுநூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் வெளியீட்டாளரே கொலம்பியாவின் அறங்காவலர் குழுவிலும் அமர்ந்திருந்தார். சிதைக்கப்பட்ட தம் அலுவலகத்தில் நின்ற பல்கலைக்கழகத் தலைவரின் துயரத்துக்கு அந்நாளிதழின் முதல் பக்கத்தில் இடம் கிடைத்தது. மாணவர் இதழும் இதே டபிள்யூ.கே.சி.ஆர். வானொலியும் அன்றும் உள்ளிருந்து மற்றொரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. பின்னர் நடந்ததோ, உடற்பயிற்சிக் கூடம் கைவிடப்பட்டது. அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் உறவும் அறுந்தது. 2024-இல் கூடாரங்கள் எழுந்த அதே பருவத்தில், 1968-இன் போராட்டம் கொலம்பியாவின் வகுப்பறையில் பாடமாகப் போதிக்கப்பட்டுக் கொண்டிருந்தது.

இவையெல்லாம் கடல் கடந்த கதை என்று தோன்றலாம். மேற்படிப்புக்கென விண்ணப்பப் படிவங்களைச் சேகரித்து வைத்திருக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கின்றனர். இந்தியாவிலிருந்து கொலம்பியா சென்ற ஓர் ஆராய்ச்சி மாணவி, அந்த ஏப்ரல் 30 இரவில் வளாகத்துக்கு அருகே, தம் இருப்பிடம் திரும்பும் வழியில், கூட்டத்தோடு பிடிக்கப்பட்டதாகக் கூறினார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின. ஆயினும் 2025 மார்ச்சில் அவருடைய விசா இரத்தாயிற்று. அஞ்சிய அம்மாணவி படிப்பை விட்டுக் கனடா சென்றார். அவர் விமான நிலையத்தில் பெட்டியுடன் நடக்கும் காட்சியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அமைச்சரே வெளியிட்டு, பயங்கரவாத அனுதாபி என்று பட்டம் சூட்டினார். 2023-இல் லாரியின் திரையில் நடந்ததை இப்போது அரசே செய்தது.

2025 ஜூன் மாதத்தில் மற்றோர் அறிவிப்பு வந்தது. மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படித் திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கூறிற்று. படிவத்தை நிரப்ப அமரும் மகன், காஸாவின் குழந்தைகளுக்காக என்றோ எழுதிய நான்கு வரிகளை அழிப்பதா, விடுவதா என்று உங்களிடம் கேட்கலாம்.