மலையிறங்கும் வண்டியின் பிரேக் பத்திரமானதா?

சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப் வண்டிகளை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 18 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே அவை திண்டுக்கல் சமவெளியை அடைகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும் நாள்தோறும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படியொரு வண்டியே பிழைப்பு. அதன் பிரேக் பெடல் ஒரு நாள் பஞ்சு போல அமுங்கினால், 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்க வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது முறையன்று என்பது மதரஸாவிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடமன்றோ?

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் இவ்வகைப் பிரேக்கைப் பொருத்திக் கார்களை விற்கத் தொடங்கியது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், உங்கள் காலின் வலிமை சக்கரத்தைச் சேராமல் அக்குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். (பெரிய லாரிகளில் காற்றே பிரேக்கை இயக்குகிறது. அது வேறு கதை.)

ஆயில் பழையதாயினும் இதே ஆபத்து உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனும் ஆயில் புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155. மலைச்சாலையில் இதன் பொருள் என்ன? சரக்குடன் 2500 கிலோ எடையுள்ள வண்டி 1000 மீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கீழ்க் கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கும் 'சிக்கனக்காரர்' அவ்வளவையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் தரையைத் தொடும். எனவேதான் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

காற்றை வெளியேற்றுவதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். முதலில் நோயை அறியுங்கள். பெடல் மெத்தென்று அமுங்கினால் காற்று. ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டிப்பட்டால், பெரும்பாலும் பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்வதே மருந்து. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உள்ளது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போய்விட்டது. அப்போது எத்தனை முறை காற்றெடுத்தும் பயனில்லை. ஏபிஎஸ் பொருத்திய வண்டிகள் சிலவற்றுக்குக் கணினிக் கருவி தேவைப்படுவதால் அவற்றைப் பட்டறைக்கே அனுப்புங்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜின் ஓடக்கூடாது. பிக்கப் வண்டிக்கு அடியில் இடம் தாராளமாக இருப்பதால் ஜாக்கி பெரும்பாலும் வேண்டியதில்லை. சரக்கின் பாரத்துக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல வண்டிகளில் உண்டு. பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால், பாரமே இல்லையென்று கருதி அது ஆயிலைத் தடுத்துவிடும். அந்த வால்விலும் காற்றெடுக்கும் நிப்பிள் உள்ளதா என்று கையேட்டில் பாருங்கள்.

சக்கரத்தின் உட்புறம் ரப்பர் மூடியணிந்த சிறு நிப்பிள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ரிங் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். திறந்த வாய் ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். நிப்பிள் முறிந்தால் செலவு பல மடங்காகும். நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய புட்டியில் மூழ்கவிடுங்கள்.

இது இருவர் வேலை. அத்தா வண்டிக்கடியில் படுத்திருக்க, மகனோ மகளோ இருக்கையில் அமரலாம். 'மிதி' என்றதும் மெதுவாக மிதித்து, 'அழுத்தியிருக்கிறேன் அத்தா' என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே நிப்பிளைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்த்தினால் ஆயிலும் குமிழிகளும் வெளிவரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடி, 'விடு' என்று சொன்ன பிறகே காலை எடுக்கலாம். இந்த வரிசை பிறழ்ந்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போகும். பழைய வண்டியில் பெடலுக்கடியில் ஒரு மரத்துண்டை வைப்பது நல்லது. வழக்கமாகப் போகாத ஆழம்வரை பெடல் இறங்கினால், சிலிண்டருக்குள் படிந்த துரு ரப்பரைக் கிழிக்கக்கூடும்.

நம் நாட்டு வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்புறம் உள்ளது. ஆகவே பொதுவாக இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று தொலைவிலிருந்து அருகே வருவார்கள். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இடையிடையே மேலுள்ள ஆயில் டப்பாவைக் கவனியுங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சீல் உடைக்காத டின்னையே வாங்குங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. அது ரப்பர் வாஷர்கள் அனைத்தையும் ஊதவைத்துப் பிரேக்கையே செயலிழக்கச் செய்துவிடும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையேல் பெயின்ட் உரியும்.

குமிழியற்ற தெளிந்த ஆயில் வந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கி, ரப்பர் மூடியைப் போடுங்கள். இப்போது பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். மிதித்தபடி இன்ஜினை இயக்கினால் அது சற்றே இறங்கும். பூஸ்டர் வேலைசெய்வதன் அடையாளம் அது. பிறகு காலி மைதானத்தில், கைபிரேக்கில் ஒரு கை வைத்து, மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். பெடலில் சிறிதளவு ஐயம் இருந்தாலும் மலைச்சாலைப் பக்கம் போகவேண்டாம். தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெளியே எடுத்த பழைய ஆயிலை மீண்டும் ஊற்றக்கூடாது. சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டவும் கூடாது. கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அதுவரை குளிர்பானப் புட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அது நஞ்சு, தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அதன் நிறம் சர்பத்தைப் போலத் தோன்றும். பழைய ஆயில் டின்னிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.