மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கப் பெரும்பாலான பெற்றோர் காலை பத்து மணிக்குப் போகிறார்கள். சுவரெல்லாம் கார்ட்டூன் படங்கள், துடைத்த தரை, வாசலிலேயே வரவேற்கும் பொறுப்பாளர். மனம் நிறைந்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை போங்கள் என்பேன். சாப்பாடு முடிந்து ஆயாம்மாக்கள் களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் உண்மை நிலவரம் தெரியும்.

சத்தமே இல்லாத கூடம்

பத்துப் பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில் ஒன்றாவது சிணுங்கும். ஒன்று தூங்க மறுத்து ஆயாம்மா மடியில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அசைவில்லாமல், தினமும் ஒரே நேரத்தில் தூங்கிக் கிடந்தால் எனக்குப் பயமாக இருக்கும். அடங்காத பிள்ளைக்குச் சளி மருந்தை ஊற்றித் தூங்கவைக்கும் கொடுமை நடக்கக்கூடியதுதான். சளி மருந்துகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். இதனுடன் ஃபினைலெஃப்ரின் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது.

மாலையில் கண் சொருகி, வீட்டுக்கு வந்தும் தலைதூக்காமல் பிள்ளை பல நாள் கிடந்தால், “நல்லா விளையாடுனான், அதான் அசதி” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, உங்கள் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மந்தமாக இருக்கிறது என்றால் உடனே 108.

கைக்குழந்தையை எப்படிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு வயது ஆகும்வரை மல்லாந்து படுக்கவைப்பதே பாதுகாப்பு. குப்புறப் போடுவதும் முகத்தருகே தலையணை வைப்பதும் மூச்சுக்கு ஆபத்து.

ஒருவருக்கு எத்தனை பிள்ளை?

ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். அந்தக் கணக்கை நம் ஊரில் எதிர்பார்ப்பது கடினம். ஆனால் ஒரு கேள்வியை நேராகக் கேட்கலாம்: “ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிடப் போனால் மற்றவர்களை யார் பார்ப்பாங்க?” பதில் சொல்லத் தடுமாறினால் ஆள் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ஐந்து டயப்பர் கொடுத்தனுப்பி நான்கு திரும்பி வந்தால், பிள்ளையின் தொடையிடுக்கு ஏன் சிவந்து புண்ணாகிறது என்பதும் புரியும். குளியலறையில் வாளித் தண்ணீர் மூடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடை பழகும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே உயிரை எடுத்துவிடும்.

திறக்காத கதவு

“போன் பண்ணிட்டு வாங்க” என்று தாயைக் கேட்டிலேயே நிறுத்தும் இடம் வேண்டவே வேண்டாம். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. அந்த உரிமையைத் தனியார் காப்பகத்திலும் கேளுங்கள். கேமரா இருக்கிறதே என்பார்கள். கழிப்பறைப் பக்கமும் சமையலறை மூலையும் அதில் தெரியாது. உள்ளே போனதும், ஆபத்தென்றால் வெளியேற இரண்டாவது வழி எங்கே என்று தேடுங்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம்.

பிள்ளையின் உடம்பு பேசும்

சேர்த்த முதல் சில வாரம் அழுவது இயல்பு. போகப் போகக் குறைய வேண்டும். நன்றாக இருந்த பிள்ளை குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் உங்கள் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்வது, யாராவது கையை ஓங்கினால் ஒடுங்குவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும். காதிலோ கன்னத்திலோ முதுகிலோ கன்றிப்போயிருந்தால் அதற்குக் காரணம் கேட்டே ஆகவேண்டும். தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடம்பில் எங்கே கன்றினாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கன்றிய இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துச் சொல்லுங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும், மறுநாள் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.