மஸ்டர் ரோலில் பேர் இல்லாதவருக்கு யார் பேசுவது?

முதல் ஷிப்டுக்கு ஆள் போகும் நேரத்தில் வடக்குத்து கடைத்தெருவில் நின்று பாருங்கள். சுரங்க நகரமான நெய்வேலியின் தொழிலாளர் கணக்கு முழுதும் கண்ணெதிரே போகும். எல்லார் சட்டையிலும் ஒரே சுரங்கத்து மண், எல்லார் கையிலும் ஹெல்மெட். ஆனால் போகிறவர்களில் பர்மனென்ட் யார், காண்ட்ராக்ட் யார், கூட்டுறவு சொசைட்டி வழியாக வந்தவர் யார் என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொல்லிவிடுவார். ஊருக்கே தெரிந்த இந்தப் பிரிவினைதான் இப்போது ஒரு புதிய சட்டக் கேள்வியாக வந்து நிற்கிறது. தொழிலாளர் சார்பில் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் தகுதி யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நெய்வேலியில் சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்றும் குறையாத இன்னொரு தேர்தல் நடக்கும். சங்க அங்கீகாரத்துக்கான ரகசிய வாக்கெடுப்பு. கேட் மீட்டிங், நோட்டீஸ், மைக் கட்டிய ஆட்டோ, கொடி, பந்தல் எல்லாம் உண்டு. கட்சிகளின் மாவட்டப் புள்ளிகள்கூட வந்து பேசுவார்கள். ஜெயித்த சங்கம்தான் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும். நகரியம் முழுக்க அதே பேச்சாக இருக்கும் அந்த நாட்களில், சுரங்கத்துக்குள் பாதி வேலையைச் சுமக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓட்டுச் சீட்டு கிடையாது.

“ஓட்டு கேக்க வர்றவங்க எங்களத் தாண்டித்தான் சார் போவணும். பர்மனென்ட் ஆளு கையப் புடிச்சிப் பேசுவாங்க. எங்களப் பாத்தா, ‘ஜெயிச்சதும் ஒங்க பிரச்சனயத்தான் மொதல்ல பேசுவோம்’னு சொல்லிட்டுப் போவாங்க. ஓட்டே இல்லாதவன்கிட்ட எதுக்கு சார் வாக்குறுதி?” என்று கேட்டார் கன்வேயர் பகுதியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒருவர். மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வயது. அவருடைய ஒப்பந்ததாரர் எத்தனை முறை மாறினார் என்பதை அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வேலை மட்டும் அதே கன்வேயரில், அதே இடத்தில்.

தொழில் உறவுகளுக்கான புதிய சட்டத் தொகுப்பின் கீழ் சங்கங்களும் முதலாளிகளும் எப்படி முறையான பேச்சாளிகள் ஆகிறார்கள் என்பது பெரிய கேள்வி. ஆனால் வடக்குத்தில் யாரிடம் பேசினாலும் பேச்சு ஒப்பந்தத் தொழிலாளியிடமே வந்து முடிகிறது. எனக்கும் அதைவிட முக்கியமாக இதில் வேறெதுவும் தெரியவில்லை.

சங்கம் வைப்பது வேறு, சங்கத்தை ஏற்பது வேறு. இந்த வேறுபாட்டுக்கு நூறு வயது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கையெடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவரானார். அங்கிருந்த நெசவாலையின் நிர்வாகம் சங்கத்தை ஏற்க மறுத்தது. 1920இல் கதவடைப்பு வந்தது. தொடர்ந்து வாடியா உள்ளிட்டோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. கூலி கேட்டுப் பேசியதே குற்றமாகிவிடக்கூடிய காலம் அது. அந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அது பதிவுக்கு வழி செய்தது, வழக்கிலிருந்து காப்புக் கொடுத்தது. ஆனால் ‘இந்தச் சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும்’ என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கான திருத்தம் 1947இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவேயில்லை.

இடைக்காலத்தை ஓட்டியது 1958இன் ஒழுக்கக் கோவை. பதிவாகி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், நிறுவனத்தில் 15 சதவீத உறுப்பினர் வேண்டும், பல சங்கங்கள் இருந்தால் பெரியதற்கே அங்கீகாரம் என்றது. விருப்பத்தின்பேரில் ஏற்கும் நெறிதான், சட்டம் அல்ல. உறுப்பினர் எண்ணிக்கையை எப்படிச் சரிபார்ப்பது என்பதில் நெடுங்காலச் சண்டை. சம்பளத்தில் சந்தா பிடித்த கணக்கா, ரகசிய ஓட்டா? 1995இல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கான நெறிமுறையை ஏற்றுக் கொடுத்தது. அண்மையில் 2024 டிசம்பரில் ரயில்வே ஊழியர்கள் நாடு முழுக்க வாக்களித்தது அந்த வழியில்தான்.

அங்கீகாரம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு இன்னும் எவ்வளவு விலை என்பதை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 2024 செப்டம்பரில் பார்த்தோம். சம்பளத்தோடு சங்கப் பதிவும் பெரும் பிரச்சினையாகி, வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. பதிவு கைக்கு வர அடுத்த ஆண்டு ஜனவரி ஆயிற்று. பதிவுக்கே இந்தப் பாடு.

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதல்முறையாக நாடு முழுமைக்கும் அங்கீகாரம் சட்டமாகியிருக்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கம் தனியொரு பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி. அங்கீகாரம் மூன்றாண்டுக்குச் செல்லும், இருதரப்பும் இசைந்தால் ஐந்தாண்டுவரை. பல கொடி பறக்கும் நெய்வேலி போன்ற இடத்தில் குழு முறை பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஏற்பாடு உலகத்துக்குப் புதிதல்ல. சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு நெதர்லாந்து அனுப்பிய தொழிலாளர் பிரதிநிதி பற்றி 1922இல் ஹேக் நகரத்து உலக நீதிமன்றம் தன் முதல் கருத்துரையைத் தந்தது. பல சங்கங்கள் கூடி ஒருவரை முன்மொழிந்தால், தனித்துப் பெரிய ஒரு சங்கம் ஆட்சேபித்தாலும் அவரை ஏற்கலாம் என்றது. எண்ணிக்கை முக்கியம், அதுவே எல்லாம் இல்லை என்பது அப்போதே ஒப்புக்கொண்ட விஷயம்.

நான் கவலைப்படுவது 51இலும் இல்லை, 20இலும் இல்லை. எதில் 51, எதில் 20 என்பதில் இருக்கிறது. நிறுவனத்தின் மஸ்டர் ரோலில், அதாவது அதன் வருகைப் பதிவேட்டில், உள்ள தொழிலாளர்களில் என்கிறது சட்டம். ஒப்பந்தத் தொழிலாளி நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் இல்லை. ஒப்பந்ததாரரின் ரோலில் இருக்கிறார். ஆக, சதவீதம் போடும்போது மேலேயும் அவர் இல்லை, கீழேயும் இல்லை. நிரந்தரத் தொழிலாளர் ஓய்வுபெற்றுக் குறையக் குறைய, அவர்கள் செய்த வேலை ஒப்பந்தத்துக்குப் போகப் போக, பெரும்பான்மைச் சங்கம் என்பது சுரங்கத்தில் நிற்பவர்களில் இன்னும் சிறிய பகுதியின் பெரும்பான்மையாகிக்கொண்டே போகும்.

*

சரி, ஒப்பந்ததாரரிடமே பேசலாமே என்று கேட்கலாம். புதிய சட்டம் முதலாளி என்ற சொல்லுக்குள் ஒப்பந்ததாரரையும் சேர்த்திருக்கிறது. அவரிடம் வேலை செய்யும் நாற்பது பேரோ நூறு பேரோ சங்கம் வைத்து, அவரிடம் அங்கீகாரம் வாங்கலாம். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் மூன்றாண்டு, டெண்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டு. சங்கத்துக்குக் கிடைத்த தகுதி முடியும் முன்பே பேச வேண்டிய முதலாளி போய்விடுவார். அடுத்த டெண்டரில் வேறொருவர் வருவார். அதே ஆட்கள், அதே மேற்பார்வையாளர், அதே கன்வேயர். எல்லாம் முதலிலிருந்து.

டெண்டர் நடப்பில் இருக்கும்போதும் பேச்சு எங்கே போய் நிற்கிறது என்பதை மெக்கானிக்கல் பராமரிப்பில் ஹெல்பராக இருக்கும் ஒரு பெண் விளக்கினார். “காண்ட்ராக்டர் அண்ணங்கிட்ட கூலி ஏத்திக் கேட்டா, ‘ரேட்டு டெண்டர்லயே முடிஞ்சிபோச்சும்மா, மேல கேளுங்க’ன்றாரு. மேல போனா, ‘ஒங்க மொதலாளி காண்ட்ராக்டர்தானம்மா, அவரக் கேளுங்க’ன்றாங்க. ரெண்டு பேருமே நல்லவிதமாத்தான் பேசறாங்க. எங்களுக்குத்தான் எடம் தெரியல.”

பேச்சாளியின் தகுதியைப் பற்றி நாம் எப்போதும் சங்கத்தின் பக்கம் மட்டுமே கேள்வி கேட்கிறோம். உறுப்பினர் எத்தனை, பதிவு உண்டா, சந்தா ரசீது எங்கே? முதலாளி பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஒரு தகுதி வேண்டும். ஒப்புக்கொண்டதைக் கொடுக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். கூலி விகிதத்தைத் தீர்மானிக்க முடியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளுக்கு மதிப்பு அடுத்த டெண்டர்வரைக்கும்தான். இலங்கை மலையகத்தில் இந்தப் பாடத்தைத் தோட்டத் தொழிலாளர் வேறுவிதமாகக் கற்றார்கள். அங்கே 1999இன் திருத்தச் சட்டப்படி 40 சதவீத உறுப்பினருள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக் கூடாது. முதலாளிமார் சம்மேளனமும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டுத்தான் தோட்டத்துச் சம்பளம் பல்லாண்டு முடிவானது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதை அந்த மேசை தீர்க்கவில்லை. சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தமும் அதோடு விலகிப்போனது. தகுதியுள்ள இரு தரப்பு உட்கார்ந்தாலே முடிவு வருவது கஷ்டம். ஒரு தரப்புக்கு அதிகாரமே இல்லையென்றால்?

மறுபக்க வாதமும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் நிரந்தரத் தொழிலாளரின் பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ் போன்ற தனிப் பிரச்சினைகள் அமுங்கிவிடும் என்று மூத்த சங்கக்காரர்கள் சொல்கிறார்கள். வேலை தருபவர் ஒருவர், பேச்சு இன்னொருவரோடு என்றால் நிர்வாகம் நடக்காது என்பது மனிதவளத் துறையில் இருந்தவர்கள் சொல்வது.

ஆனால் பேசும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய இரும்புச் சுரங்கங்களில் சாட்சி இருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாய் எஃகு ஆலைக்குத் தாது தரும் தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களை எடுத்துக்கொள்வோம். 1977இல் அங்கே அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் போனஸ் ஒப்பந்தம் போட்டன. நிரந்தரத் தொழிலாளருக்கு ஒரு தொகை, கையால் தாது வெட்டும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதைவிட மிகக் குறைந்த தொகை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தச் சங்கங்களை விட்டு மொத்தமாக வெளியேறினார்கள். தொழிலாளர் தலைவர் சங்கர் குஹா நியோகியைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த ஜூன் மாதமே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. எந்தப் பட்டியலிலும் இடமில்லாத அந்த மனிதர்கள் சாராயத்துக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். தங்கள் உழைப்பிலும் பணத்திலும் 1983இல் ஷஹீத் மருத்துவமனையைக் கட்டினார்கள். அதிகாரபூர்வமாகப் பேசும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று யார் சொன்னாலும், அவர்களை விட்டுவிட்டு அங்கே யாரும் எதையும் பேசி முடிக்க முடியவில்லை. ஆனால் அந்த நிலையை எட்ட அவர்கள் கொடுத்த உயிர்களை எந்தச் சட்டத்தாலும் திருப்பித் தர முடியாது.

நெய்வேலியும் இதை அறியாததல்ல. 2013 ஜூலையில் நெய்வேலி நிறுவனத்தில் மத்திய அரசு வைத்திருந்த பங்குகளின் விற்பனைக்கு எதிராக எல்லாச் சங்கமும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கீகாரம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சே எழவில்லை. கடைசியில் அந்தப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்கள் வாங்கின. ஒப்பந்தத் தொழிலாளர் தனியாக இறங்கிய போராட்டங்களுக்கு அந்த வேகத்தில் முடிவு கிடைத்ததில்லை. 2014இல் வாரக்கணக்கில் நீண்டது. 2023 ஜூலையில் தொடங்கியது உயர்நீதிமன்றம்வரை போனது. பேச்சுவார்த்தை மேசையில் நிரந்தர நாற்காலி இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் சாலையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆபத்து மட்டும் ரோல் பார்த்து வருவதில்லை. 2020 ஜூலை 1இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது இறந்தவர்களில் நிரந்தரத் தொழிலாளரும் இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தார்கள். சம்பளத்தையாவது விடுங்கள், பாதுகாப்பு பற்றிப் பேசும் மேசையில்கூட ஒரு பகுதியினருக்குத் தாங்களே தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

‘ஒப்பந்த முறையை ஒழித்துவிட்டால் போச்சு’ என்பவர்கள் உண்டு. 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்த நாள்முதல் அந்த நம்பிக்கை இருந்தது. 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓரிடத்தில் ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று தீர்ப்பளித்தபின் அந்த வழி மிகக் குறுகிவிட்டது. எனவே நிரந்தரமாகும்வரை காத்திரு, பிறகு ஓட்டுப் போடு என்பது ஒரு தலைமுறைக்கே வாயை மூடச் சொல்வதாகும்.

எண்ணுவது முடியாத காரியமா என்றால், இல்லை. கேட் பாஸ் இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஒவ்வொருவருக்கும் பி.எஃப். எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த இரண்டையும் ஒத்துப் பார்த்தால், எந்த ஒப்பந்ததாரர் மாறினாலும் எத்தனை ஆண்டாக யார் அந்த வளாகத்தில் வேலை செய்கிறார் என்பது தெரிந்துவிடும். ஓராண்டுக்கு மேல் இருப்பவருக்கெல்லாம் தனி வாக்குப்பெட்டி வைக்கலாம். நிரந்தரத் தொழிலாளரின் விஷயங்களில் கலக்காமல், கூலி விகிதம், பாதுகாப்பு, டெண்டர் மாறும்போது பழைய ஆட்களையே வைத்துக்கொள்வது ஆகிய மூன்றுக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர், டெண்டர் விடுகிற நிறுவனத்தோடு பேசலாம். ஒப்பந்ததாரரும் அதே மேசையில் உட்காரட்டும்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். அதே சட்டத் தொகுப்பில் ‘உரிய அரசு’ எது என்று சொல்லும் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு உரிய அரசு மத்திய அரசு என்று சொல்லும்போது, அந்த நிறுவனத்துக்காக வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களின் அமைப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. எந்த அதிகாரியிடம் தாவாவைக் கொண்டுபோவது என்று தீர்மானிக்க வடக்குத்தில் பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி அந்த நிறுவனத்தோடு சேர்ந்தவர். யார் அவருக்காகப் பேசுவது என்று எண்ணும்போது மட்டும் சேராதவர். அந்த ஒரு பிரிவில் ஒப்புக்கொண்டதை அங்கீகாரப் பிரிவிலும் எழுதினால் போதும். நெய்வேலியில் அடுத்த வாக்கெடுப்பு அறிவிக்கும் முன் அதற்கான திருத்தத்தை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும்.