காய்ச்சல்களின் கதை – 9: கெண்டைக்கால் சொன்ன சேதி

போன வாரம் டெங்குவில் தட்டணுக்கள் ஏன் குறைகின்றன என்று பார்த்தோம். தட்டணு குறைந்தாலே டெங்குதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே மழைக்காலத்தில், அதே வார்டில், பக்கத்துக் கட்டிலில் எலிக்காய்ச்சலும் படுத்திருக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர். நாலு மாடு வைத்துப் பால் கறந்து விற்பவர், காய்ச்சலின் ஐந்தாம் நாள் மகன் தோளைப் பிடித்தபடி வந்தார். "காய்ச்சலைக்கூடத் தாங்கிக்கிறேன் டாக்டர், காலைத்தான் கீழ வைக்க முடியல" என்றார். கெண்டைக்காலை லேசாகத்தான் அழுத்தினேன், துடித்துப்போனார். இரண்டு கண்களும் செக்கச்செவேல். ஆனால் பீளை இல்லை. கையில், இரண்டாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு: லெப்டோ ஐஜிஎம் நெகட்டிவ். அதை நம்பி மூன்று நாட்களை வெறும் பாராசிட்டமாலில் ஓட்டியிருந்தார்கள்.

சீட்டில் பிழையில்லை, ரத்தம் எடுத்த நாள்தான் பிழை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்கிற சுருள் கிருமி, எலி, மாடு, நாய், பன்றியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து, கால் சிராய்ப்பு வழியே உள்ளே போகிறது. முதல் வாரம் ரத்தத்தில் ஓடும். அப்போது அதைப் பிசிஆர் பரிசோதனை பிடித்துவிடும். எலிசா பரிசோதனையில் தெரிகிற அளவுக்கு ஐஜிஎம் என்கிற எதிர்ப்பொருள் சுரக்க 5 முதல் 7 நாளாவது வேண்டும். 'மேட்' பரிசோதனையில் உயிருள்ள கிருமிகளோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, அவை திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு ஏறினால் நோய் உறுதி. கிருமியை வளர்த்துக் காட்டும் கல்ச்சருக்கோ வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சிறுநீரகம் காத்திருக்காது.

அதனால்தான் ஃபெய்ன் என்பவர் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு ஓர் அளவுகோல் வகுத்தார். 2004இல் சென்னை மருத்துவர் சிவகுமார் அதில் மழையையும் எலிசாவையும் சேர்த்து நம் ஊருக்குத் தக்கபடி திருத்தினார். அதில் கண் சிவப்புக்கு 4, தசைவலிக்கு 4. எல்லோரும் பயப்படுகிற மஞ்சள் காமாலைக்கு 1 தான்! காமாலை வராமலே முடிந்துபோகும் எலிக்காய்ச்சல்தான் அதிகம். காமாலை வந்தாலும், பிலிருபின் எகிறியிருக்கும்போது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் நொதிகள் கொஞ்சமாகத்தான் ஏறியிருக்கும். வைரஸ் காமாலையில் அவை ஆயிரத்தைத் தாண்டும். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். இருமலில் ரத்தம் வந்தால் அது நுரையீரலில் கசிவு. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பால்காரருக்கு வந்த அன்றே பென்சிலின் ஊசி தொடங்கினோம். ஒன்பதாம் நாள் எடுத்த ஐஜிஎம் பாசிட்டிவ். அதற்குள் அவர் வார்டில் நடக்க ஆரம்பித்திருந்தார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று போனால், வயலிலோ தொழுவத்திலோ தேங்கிய தண்ணீரிலோ நின்றிருந்ததை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். முதல் சீட்டு நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் விடவில்லையென்றால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: ஸ்க்ரப் டைஃபஸ்)