குடலைப் பார்க்கும் கம்ப்யூட்டர்



"குடலுக்குள் இருக்கும் கட்டியைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடுகிறதாமே, நமது மருத்துவமனைக்கும் ஒன்று வாங்கலாமா?" என்று சேலையூரிலிருந்து பல ஆண்டுகளாய் நம்மைத் தாங்கிவரும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. வார்டுகளில் கட்டிலருகே நின்று ஜெபிக்கிற ஊழியத்தில் இருப்பவர்கள். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்ததை எழுதுகிறோம்.

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்கு மரு போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. இவற்றைப் பாலிப் என்பார்கள். பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. ஆனால் அடினோமா என்ற வகையில் சில, பல ஆண்டுகள் சென்று புற்றுநோயாக மாறக்கூடும். கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே அகற்றிவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். கண்ணில் பட்டால்தானே அகற்ற முடியும்! குடலோ மடிப்பு மடிப்பானது. சில பாலிப்புகள் தட்டையாய், சுவரின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட அது, கேமராவின் படத்தை மருத்துவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஐயம் தோன்றிய இடத்தைத் திரையில் ஒரு கட்டம் போட்டுக் காட்டும். அது பாலிப்தானா என்று முடிவு செய்வது மருத்துவரே. சீனாவின் செங்டு நகரில் 1058 பேரிடம் செய்த சோதனை 2019-ல் வெளியானது. வழக்கமான முறையில் நூற்றுக்கு 20 பேரிடமும், இக்கருவியின் துணையோடு நூற்றுக்கு 29 பேரிடமும் அடினோமா கண்டார்கள். கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை என்பதையும் சொல்லவேண்டும். 2021-ல் அமெரிக்க அரசு இத்தகைய கருவி ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது.

2025-ல் போலந்து நாட்டிலிருந்து வந்த செய்தி எங்களைச் சற்றே திடுக்கிடச் செய்தது. அங்கே நான்கு மையங்களில், கருவி வருவதற்கு முந்தின மூன்று மாதங்களையும் பிந்தின மூன்று மாதங்களையும் ஒப்பிட்டார்கள். கருவியில்லாமல் செய்த பரிசோதனைகளில் அடினோமா காணும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. அனுபவமுள்ள மருத்துவர்களின் கண்ணும் கட்டத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டதோ என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. கேமரா காட்டாததைக் கம்ப்யூட்டர் காணாது. மலம் மூடிய இடத்தில் அதுவும் குருடே. ஆகவே முந்தின இரவே பேதி மருந்து கலந்த தண்ணீரை ஏறக்குறைய இரண்டு லிட்டர் குடித்துக் குடலைச் சுத்தமாக்கவேண்டும். முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் ஒண்டுக் குடித்தனத்தில், நாலு வீட்டுக்கு ஒரு கழிப்பறை உள்ள தாய்மார் இதை எப்படிச் செய்வார்கள்? வெட்கப்பட்டுப் பாதியைக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பரிசோதனை வீண், இன்னொரு நாள் கூலியும் போயிற்று.

வருவதே தாமதமாகத்தான். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மின்சார ரயில் பாதை நெடுகிலும் சுவர்களில் மூலம், பவுத்திரம் விளம்பரங்கள்தானே! வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இருப்பதுபோல் பெருங்குடலுக்கு நம் நாட்டில் பொதுவான பரிசோதனைத் திட்டம் இல்லை. இரத்தம் கண்டவர்கள், எத்தனை வயதானாலும், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஆகவே அந்த நண்பருக்கு இப்படி எழுதினோம்: முதலில் வேண்டியது, பரிசோதனைக்கு வருகிறவர்கள் முந்தின மாலையே வந்து தங்க, கழிப்பறையோடு கூடிய இரண்டு சிறிய அறைகள். அவர் ஒரு அறைக்கான தொகையை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரைப் பற்றி அடுத்த வருடமும் கேட்பேன் என்று எழுதியிருக்கிறார்.